கணக்குத் தாள்களின் மறுபக்கம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

அந்த இரவில் என் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து புத்தகங்களையும், நான் மொழிபெயர்த்துவந்த நூலின் கைப்பிரதியையும் பாழாக்கியதை நீங்கள் அறிவீர்கள்; அதை மறுபடி விரிவாக எழுதப்போவதில்லை. நனைந்த புத்தகங்களை மொட்டைமாடியில் தாள் தாளாகப் பிரித்து உலர்த்தியவர்கள், கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட இராணுவ நினைவுக் குறிப்புகளின், அதாவது நான் மொழிபெயர்க்கும் அந்த நூலின், இரு தொகுதிகளையும் எனக்காக மறுபடி தேடியெடுத்தவர்கள், கூடுதல் கெடு கேட்டபோது முகம் சுளிக்காத பதிப்பாளர் ஆகிய அனைவருக்கும் என் நன்றி.

ஆனால் வெல்ஷின் நூல் எங்கேனும் கிடைத்துவிடும். கையால் எழுதிய என் மொழிபெயர்ப்புக்கு வேறு படி கிடையாது என்றே நினைத்திருந்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மையார் சென்ற வாரம் ஒரு துணிப்பையோடு வந்தார். முன்பு சில அத்தியாயங்களை அவரிடம் பிரதியெடுத்தபோது கோணலாகவும் மங்கலாகவும் விழுந்த தாள்களைக் குப்பையில் போட மனமின்றி எடுத்துவைத்து, அவற்றின் பின்பக்கத்தில் கடன் கணக்கு எழுதிவந்திருக்கிறார். 63 பக்கங்கள்! மதுரையில் இருந்த இளம் அதிகாரி வெல்ஷுக்கு, சிவகங்கையின் மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது ஈட்டி எறியவும் வளரி என்னும் வளைதடி வீசவும் கற்றுக்கொடுத்த பகுதியின் முதுகில், யாரோ ஒரு வாத்தியாரின் பாக்கி 140 ரூபாய்.

ஆள் வராத மதிய வேளைகளில் அவற்றைப் படித்தும் இருக்கிறார். கற்றுக்கொடுத்தவரை எதிர்த்தே அந்த வெள்ளைக்காரர் படையோடு வந்தாரா என்று கேட்டார். ஆம், வந்தார். 1801இல் கம்பெனிப் படையில் இருந்துகொண்டே, சின்ன மருது காட்டு விலங்கைப்போல் துரத்தப்பட்டதையும், தொடையெலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும், அண்ணனோடும் மகனோடும் தூக்கில் தொங்கியதையும் வருத்தத்தோடு எழுதிவைத்தார். முகாம், முற்றுகை, அணிவகுப்பு என்று அடிக்குறிப்பு சேர்ப்பதிலேயே மூழ்கியிருந்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் இவ்வளவு நேராக எழவில்லை. வெல்ஷின் நினைவுக் குறிப்புகள் இல்லாவிட்டால் சிறுவயலில் காவலின்றித் திறந்துகிடந்த சின்ன மருதுவின் வாசலைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது என்பதும் உண்மைதான்.

சின்ன மருதுவின் நாடுகடத்தப்பட்ட மற்றொரு மகன் துரைசாமியை 1818இல் பினாங்கில் கண்ட வெல்ஷ், முதுமை தட்டிய அந்த உருவத்தை முதலில் அடையாளம் காணாத பக்கம் மட்டும் பையில் இல்லை. அதை நேற்றிரவு மறுபடி மொழிபெயர்த்தேன். இம்முறை அடிக்குறிப்பு எதுவும் சேர்க்கவில்லை.

நூலின் முதல் படி அந்த அம்மையாருக்கே. அதற்கு முன், அந்தத் தாள்களைப் பார்த்தெழுதிக்கொண்டு மாதக் கடைசிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாத்தியாரிடம் பாக்கி வசூலிக்க வேண்டுமாம்.