அமெரிக்க அதிபர் தேர்தல் விளையாட்டின் விதிப் பிழைகள் பற்றிய புகாரும் பணத்தைத் திரும்பக் கோருதலும்

அனுப்புநர்:
தங்கள் விளையாட்டை வாங்கிய வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: அமெரிக்க அதிபர் தேர்தல் உத்தி விளையாட்டில் தேர்தல் விதிகள் தவறாக அமைந்திருப்பது, சேமித்த ஆட்டங்கள் அழிந்தது, செலுத்திய 4,348 ரூபாயைத் திரும்பக் கோருவது – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தாங்கள் வெளியிட்டுள்ள அமெரிக்க அதிபர் தேர்தல் உத்தி விளையாட்டைத் தங்கள் இணையக் கடையில் 3,499 ரூபாய் செலுத்தி வாங்கினேன். அதன்பின், தனியாக 849 ரூபாய்க்கு விற்கப்படும் 1968ஆம் ஆண்டுத் தேர்தல் தொகுப்பையும் வாங்கினேன். இரண்டுக்குமான ரசீதுகளை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். விளையாட்டை அரைகுறையாக ஆடிப் பார்த்துவிட்டு அல்லாமல், பல தேர்தல்களை முதல் கட்ட வேட்பாளர் தேர்விலிருந்து நவம்பர் வாக்கு எண்ணிக்கை வரை முழுமையாக ஆடிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

தங்கள் விற்பனைப் பக்கம் இதை, அமெரிக்கத் தேர்தல் முறையை உள்ளபடியே காட்டும் விளையாட்டு என்று அறிமுகப்படுத்துகிறது. நான் பணம் கொடுத்தது அந்த ஒரு வாக்குறுதிக்காகத்தான். வண்டிப் பந்தய விளையாட்டில் ஒரு மரம் காற்றில் மிதந்தால் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கும், பந்தயம் கெடாது. தேர்தல் உத்தி விளையாட்டிலோ, எந்த மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர் வாக்குகள் (மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகள்), அவை எப்படிப் பிரியும், பெரும்பான்மை கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பவைதான் ஆட்டமே. அவை தவறாக இருக்கும்போது, எங்கே பணத்தைச் செலவிடுவது, எந்த மாநிலத்தில் பிரசாரம் செய்வது என்று ஆடுபவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பொருளற்றுப் போகிறது.

முதலில் நெப்ராஸ்காவை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான மாநிலங்களில் வென்றவருக்கே எல்லாத் தேர்வாளர் வாக்குகளும் செல்கின்றன. மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு மாநிலங்கள் மட்டும், மாநிலம் முழுவதிலும் வென்றவருக்கு இரண்டு வாக்குகளையும், ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் வென்றவருக்கு ஒவ்வொரு வாக்கையும் தருகின்றன. மெய்ன் 1972ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்தும் நெப்ராஸ்கா 1992ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்தும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. தங்கள் விளையாட்டில் மெய்ன் சரியாகப் பிரிகிறது. நெப்ராஸ்காவின் ஐந்து வாக்குகளோ எப்போதும் ஒரே வேட்பாளருக்குப் போகின்றன. ஒமாஹா நகரை உள்ளடக்கிய இரண்டாவது தொகுதியில் எவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றாலும் அந்த ஒரு வாக்கு கைக்கு வருவதில்லை. இத்தனைக்கும் அத்தொகுதியில் விளம்பரம் செய்யவும் கூட்டம் நடத்தவும் விளையாட்டு தனிப் பொத்தான்களைத் தந்திருக்கிறது, அவற்றுக்காகப் பிரசார நிதியையும் கழித்துக்கொள்கிறது.

ஒரே ஒரு வாக்குதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2024 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸ் பெற்ற தேர்வாளர் வாக்குகள் 226. அவர் இழந்த மிச்சிகனின் 15, பென்சில்வேனியாவின் 19, விஸ்கான்சினின் 10 ஆகியவற்றைக் கூட்டினால் சரியாக 270 வரும். வெற்றிக்குத் தேவையான எண்ணும் அதுதான். அந்த 226இல் ஒமாஹா தொகுதியின் ஒரு வாக்கும் அடக்கம். ஆகவே, அந்த ஆண்டின் ஜனநாயகக் கட்சி ஆட்டத்தை எடுத்து, மூன்று மாநிலங்களையும் கடினமாகப் பிரசாரம் செய்து வென்றெடுத்தாலும், தங்கள் நெப்ராஸ்கா பிழையால் கணக்கு 269இல் நின்றுவிடுகிறது. எதிர்த்தரப்பும் 269. விதிப்படி வென்றிருக்க வேண்டிய ஆட்டம் சமநிலையில் முடிகிறது.

சமநிலை வந்தவுடன்தான் இந்த விளையாட்டின் மிகப் பெரிய குறை வெளிப்படுகிறது. நான் வாங்கிய புதிதில் 269–269 என்று திரையில் வந்தவுடன் விளையாட்டு அப்படியே உறைந்துவிடும். கணினியிலிருந்து வலுக்கட்டாயமாக மூடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இதைத் தங்களுக்குத் தெரிவித்தேன். அடுத்து வந்த அப்டேட்டில் அது சரிசெய்யப்பட்டதாக அறிவித்தீர்கள். இப்போது விளையாட்டு உறைவதில்லை என்பது உண்மை. அதற்குப் பதிலாக, நாடு முழுவதும் அதிக மக்கள் வாக்குகளைப் பெற்றவரை அதிபர் என்று அறிவித்துவிடுகிறது.

அமெரிக்காவில் இப்படி ஒரு விதியே கிடையாது. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், 1804இல் நடைமுறைக்கு வந்த 12ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையே அதிபரைத் தேர்ந்தெடுக்கும். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரே வாக்கு; 52 உறுப்பினர்களைக் கொண்ட கலிஃபோர்னியாவுக்கும் ஒன்றுதான், ஒரே உறுப்பினரைக் கொண்ட வயோமிங்குக்கும் ஒன்றுதான். 26 மாநிலங்களின் ஆதரவைப் பெறுபவர் அதிபர். துணை அதிபரைத் தனியாக மேலவையான செனட் தேர்ந்தெடுக்கும். இது ஏட்டில் மட்டும் உள்ள விதியும் அன்று. 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் முன்னணியில் இருந்தார். அவருக்கு 99 தேர்வாளர் வாக்குகள், ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84. இருவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் 1825 பிப்ரவரியில் கூடிய சபை ஆடம்ஸையே தேர்ந்தெடுத்தது. தாங்கள் எழுதியிருக்கும் விதிப்படி ஜாக்சன் வென்றிருப்பார். 2000இலும் 2016இலும் அதிக மக்கள் வாக்குகளைப் பெற்றவர்கள் தோற்றார்கள் என்பதை அமெரிக்க அரசியலைக் கொஞ்சம் கவனிப்பவர்கள்கூட அறிவார்கள். அந்த நாட்டின் தேர்தலை விளையாட்டாக்கி விற்கும் நிறுவனம் இதை அறியாமல் இருந்திருக்க முடியாது.

அறிந்தே செய்தீர்கள் என்பதற்குத் தங்கள் அறிவிப்பே சான்றாக இருக்கிறது. பிரதிநிதிகள் சபையில் நடக்கும் வாக்கெடுப்பை முழுமையாக ஆடத்தக்க ஒரு கூடுதல் தொகுப்பு விரைவில் விற்பனைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். புதிய நாடு, புதிய காலம், புதிய வேட்பாளர்கள் என்று எதையேனும் தனியாக விற்றால் அதை வாங்குவதும் விடுவதும் என் விருப்பம். ஆனால் அரசியலமைப்பில் எழுதப்பட்டுள்ள, தேர்தலின் முடிவையே தீர்மானிக்கும் ஒரு விதியை அடிப்படை விளையாட்டிலிருந்து விட்டுவிட்டு, அதன் இடத்தில் பொய்யான ஒரு விதியை வைத்து, சரியான விதி வேண்டுமானால் மேலும் பணம் கொடு என்று கேட்பதை நேர்மையான வணிகமாக என்னால் ஏற்க முடியவில்லை. இக்கடிதத்தை எழுதத் தூண்டியதும் முக்கியமாக இதுதான்.

2020ஆம் ஆண்டு ஆட்டத்திலும் எண்கள் தவறாக உள்ளன. அவ்வாண்டின் உண்மையான மாநில முடிவுகளை அப்படியே உள்ளிட்டால் ஜோ பைடனுக்கு 306, டொனால்டு டிரம்ப்புக்கு 232 என்று வர வேண்டும். தங்கள் விளையாட்டில் 302, 236 என்று வருகிறது. நான்கு வாக்குகளில் ஒன்று மேலே சொன்ன நெப்ராஸ்கா வாக்கு. மற்ற மூன்றுக்கும் காரணம், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு மாற்றப்பட்டு 2024 தேர்தலில்தான் முதன்முதலாகப் பயன்பட்ட, மாநிலங்களுக்கான தேர்வாளர் வாக்கு ஒதுக்கீட்டை முந்தைய தேர்தலுக்கும் பயன்படுத்தியிருப்பது. கலிஃபோர்னியாவுக்கு 55 இருக்க வேண்டிய இடத்தில் 54, டெக்சஸுக்கு 38 இருக்க வேண்டிய இடத்தில் 40 என்று இருக்கிறது. ஒரு பட்டியலைத் திருத்தினால் தீர்ந்துவிடும் பிழை இது. பல அப்டேட்டுகள் வந்த பின்பும் அப்படியே கிடக்கிறது.

தனியாகப் பணம் கொடுத்து வாங்கிய 1968 தொகுப்பின் நிலை இதைவிட வருத்தத்துக்குரியது. அந்தத் தேர்தலைத் தனித்தன்மை உடையதாக்கியவர் இனப் பிரிவினையை ஆதரித்து மூன்றாவது வேட்பாளராக நின்ற ஜார்ஜ் வாலஸ். தெற்கே ஐந்து மாநிலங்களை வென்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சன் பக்கமிருந்து மாறி வாக்களித்த ஒரு தேர்வாளரையும் சேர்த்து, அவர் 46 வாக்குகள் பெற்றார். இரு பெரிய கட்சிகளுக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் செய்து பேரம் பேசுவதே அவரது திட்டம். தங்கள் தொகுப்பில் மூன்றாவது வேட்பாளர் அலபாமாவில் 60 சதவீதத்துக்கு மேல் வாக்கு பெற்றாலும் அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் இரண்டாம் இடத்தில் வந்தவருக்கே போகிறார்கள். அவர் ஐந்து மாநிலங்களை வென்றாலும் அவரது கணக்கு பூஜ்யத்திலேயே நிற்கிறது. வாலஸ் ஒரு வாக்கும் பெறாத 1968 தேர்தலுக்கு 849 ரூபாய் விலை வைத்திருக்கிறீர்கள்.

இவை தவிர, அக்டோபர் மாதத்தை நெருங்கும்போது ஒவ்வொரு வாரத்தைக் கடப்பதற்கும் விளையாட்டு மிக மெதுவாகிறது. கடைசியாக வந்த அப்டேட்டுக்குப் பின் பழைய சேமிப்புக் கோப்புகள் எதுவும் திறப்பதில்லை. பாதியில் நின்ற ஆட்டங்கள் அனைத்தும் போய்விட்டன. அப்டேட்டுக்கு முன் இது குறித்து ஒரு வரி எச்சரிக்கை தந்திருந்தால் அவற்றை முடித்திருப்பேன்.

விலையைப் பொறுத்தவரை, இப்போது விற்பனையில் உள்ள மூன்று தொகுப்புகளையும் சேர்த்து விளையாட்டின் மொத்த விலை 6,046 ரூபாய். நல்ல உத்தி விளையாட்டுக்கு அதிக விலை கொடுக்க நான் தயங்குபவன் அல்லன். வரைபடங்களையும் கருத்துக் கணிப்புகளையும் வடிவமைத்திருக்கும் விதத்தில் தங்கள் குழுவினரின் உழைப்பு தெரிகிறது, அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இந்த விலைக்கு விதிகள் சரியாக இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச எதிர்பார்ப்பு.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டதால் முடியாது என்று தங்கள் சேவைப் பிரிவு பதிலளித்தது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையிலும் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு என்பதை அறிவேன். தொடங்கியவுடன் பழுது தெரியும் விளையாட்டுக்கு அவ்விதி பொருந்தும். தங்கள் விளையாட்டில் ஒரு தேர்தலின் வாக்கு எண்ணிக்கையை எட்டுவதற்கே இரண்டு மணி நேரம் போதாது, குறைகளோ வாக்கு எண்ணிக்கையில்தான் வெளிப்படுகின்றன. குறையைக் காணும் முன்பே உரிமை காலாவதியாகிவிடும் ஏற்பாடாகவே இது அமைந்திருக்கிறது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 விளையாட்டு பழுதுகளுடன் வெளிவந்தபோது, சோனி நிறுவனம் அதைத் தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே நீக்கி, தன் கடையில் வாங்கியவர்களில் கேட்டவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது. எத்தனை மணி நேரம் ஆடினாய் என்ற கணக்கை விட்டுப் பழுதைப் பார்த்துப் பணம் தருவது இத்துறையில் நடக்காத காரியம் அல்ல.

ஆகவே, விளையாட்டுக்கும் 1968 தொகுப்புக்கும் நான் செலுத்திய 4,348 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரதிநிதிகள் சபை வாக்கெடுப்பை, எளிய வடிவிலாவது, கட்டணமின்றி அடிப்படை விளையாட்டில் சேர்க்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன். என் பணம் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் மற்றவர்களுக்கு அது கிடைக்க வேண்டும். அதுவரை, சமநிலை வரும்போது விளையாட்டு உண்மையான விதியைப் பின்பற்றாது என்பதை விற்பனைப் பக்கத்தில் வாங்குபவர் கண்ணில் படும் இடத்தில் குறிப்பிடுங்கள்.

இந்தியாவில் வாடிக்கையாளர்களுக்கு ரூபாயில் விற்பனை செய்வதால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2020ஆம் ஆண்டு மின் வணிக விதிகளும் தங்களுக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன். அவ்விதிகளின்படி குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதற்குள் தக்க பதில் வராவிட்டால், 1915 என்ற எண்ணில் இயங்கும் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்வேன். அதன் பின்னும் தீர்வு கிடைக்காவிட்டால், நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

மேற்சொன்ன பிழைகள் ஒவ்வொன்றையும் காட்டும் திரைப்பதிவுகளை இணைத்துள்ளேன். தங்கள் தொழில்நுட்பக் குழுவுக்கு மேலும் விவரங்கள் தேவைப்பட்டால், எந்தக் கட்டத்தில் என்ன செய்தபோது பிழை ஏற்பட்டது என்பதை எழுத்து மூலம் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: இரண்டு ரசீதுகள், திரைப்பதிவுகள், சேவைப் பிரிவுடன் நடந்த மின்னஞ்சல் பரிமாற்றத்தின் நகல்.