விழிப்புணர்வு இல்லாதவள் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வியாழக்கிழமை இதழில், எல்லாரையும் உள்ளடக்கிய நகர வளர்ச்சி பற்றி நுங்கம்பாக்கத்தில் ஒரு ஓட்டலில் நடந்த கருத்தரங்குச் செய்தியைப் போட்டிருந்தீர்கள். படம்கூட நன்றாக வந்திருந்தது. கடைசிப் பத்தியில் ஒரு வரி: “மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் வசிப்போரிடையே போதிய விழிப்புணர்வு இல்லாததால், அவர்களின் பங்கேற்பு குறைவாகவே இருந்தது.” அதைப் படித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள், வாடிக்கைக்காரியின் ஜாக்கெட்டில் கழுத்தை இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டேன். துணிக்காசை உங்களிடம் கேட்கப்போவதில்லை.

அந்தக் கருத்தரங்குக்கு நான் வந்திருந்தேன் ஐயா. உங்கள் நிருபர் தம்பியையும் பார்த்தேன்.

அழைப்பு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. முழுக்க ஆங்கிலம். என் மகள் படித்துச் சொன்னாள்: நாளை புதன்கிழமை, காலை பத்து மணி, நுங்கம்பாக்கம். நான் இருப்பது பெரும்பாக்கத்தில், ஆற்றோரத்திலிருந்து எங்களைக் கொண்டுவந்து வைத்த அடுக்குமாடிக் குடியிருப்பில். எங்கள் பிளாக்கில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார்கள். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அவர்கள் இரண்டாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் அந்தப் பத்து மணி. ஒருநாள் லீவு போட்டால் யார் சம்பளத்தைப் பிடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. நான் வீட்டிலேயே தைப்பவள் என்பதால் கிளம்ப முடிந்தது. டீலக்ஸ் பஸ் இரண்டை விட்டுவிட்டு, பெண்களுக்குக் காசில்லாத பிங்க் பஸ் வருகிறவரை நின்றேன். இன்னொரு பஸ் மாறி, கொஞ்சம் நடந்து, போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால்.

வாசலில் செக்யூரிட்டி, “வேலைக்காம்மா? பின்கேட்டு அந்தப் பக்கம்” என்றார். அவர்மேல் கோபமில்லை. அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், பேச்சிலேயே தெரிந்தது. மேலே போனால் எல்லாரும் கையில் தட்டோடு நிற்கிறார்கள். திரையில் கலர் கலராகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் தம்பி அதை செல்போனில் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் போய் நின்றேன். அவர் பனீரில் கவனமாக இருந்தார்.

அந்தக் கலர் படத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அதில் பாதி என் கையால் வந்தது. போன வருடம் அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுக்காக எங்கள் ஏரியாவில் வீடுவீடாகப் போய் ஃபாரம் நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. லிஃப்ட் ஓடாத நாளில் எட்டு மாடி ஏறி இறங்கினாலும் அதே கூலிதான். நாற்பத்திரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம்: “புதிய வாழ்விடத்தில் உங்கள் மனநிறைவை 1 முதல் 5 வரை மதிப்பிடுக.” மூன்றாவது மாடியில் ஒரு பாட்டி, பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: “அஞ்சுன்னா நல்லதா கெட்டதா?” நல்லது என்றேன். “ஒண்ணு போட்டா என்ன ஆவும்?” ஒன்றும் ஆகாது பாட்டி என்றேன். அவள் நம்பவில்லை. வீட்டு ஒதுக்கீட்டு ஆணை அவள் செத்துப்போன மகன் பேரில் இருக்கிறது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “மூணு போடு. நடுவுல இருக்கட்டும். யாருக்கும் வம்பு வேணாம்” என்றாள். அந்தப் பிளாக் முழுக்க மூணுதான். திரையில் அது பெரிய மஞ்சள் பட்டையாக நின்றது. “பெரும்பாலோர் மிதமான மனநிறைவு” என்று நீங்களும் எழுதிவிட்டீர்கள்.

எங்களுக்கு எண்ணப்பட்டுப் பழக்கம். நான் பிறந்தது சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம், கூவம் கரையில். கதவில் பெயின்டால் நம்பர் எழுதிவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்து வேறு கலரில் வேறு நம்பர். ஒவ்வொரு முறையும் குடும்பத்தோடு வாசலில் நிற்க வைத்து போட்டோ. 2017ல் கடைசி நம்பர் விழுந்தது. அப்புறம் லாரி. என் மகளுக்கு அப்போது முழுப்பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

சின்னத்தறிப்பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். நெசவாளிகளை ஆற்றோரம் குடிவைத்து, தறி போட்டுக் கொடுத்தது அன்றைய கம்பெனி. தொழிலுக்குப் பக்கத்தில் ஆளை வைக்க வேண்டும் என்று 1730களிலேயே வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. அதே பேட்டையிலிருந்து ஒரு தையல்காரியை இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டதற்கு இப்போது ‘வாழ்விட மேம்பாடு’ என்று பெயர்.

பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1970ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்று சுவரெல்லாம் எழுதினார்கள். 2021ல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. எங்கள் வாயில் இன்னும் ஹவுசிங் போர்டுதான். தைக்கத் துணி கொண்டுவந்த ஒரு அம்மா, எந்த பிளாக் என்று கேட்டுவிட்டு, “அப்புறம் வரேன்” என்று பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். நடுவில், எங்களைப் போலவே கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள் இருக்கும் கண்ணகி நகர்ச் சுவர்களில் ஆளுயரத்துக்கு மேல் அழகழகாக ஓவியம் வரைந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து செல்ஃபி எடுத்தார்கள். அதற்கப்புறமும் பைக் லோன் கேட்கப் போன பையன்கள் முகவரியைச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவது நிற்கவில்லை.

விழிப்புணர்வு என்கிறீர்களே, கொஞ்சம் பரீட்சித்துப் பாருங்கள். 1971ல் வந்த குடிசைப்பகுதிச் சட்டத்தின்படி ஒரு இடத்தை முறையாக அறிவித்துவிட்டால், அதற்கென்று உள்ள அதிகாரியின் அனுமதி இல்லாமல் அங்கிருப்பவர்களைக் காலி செய்ய முடியாது. சென்னையில் 1971ல் 1,202 இடங்களை அறிவித்தார்கள். 1985ல் இன்னும் 17. அதோடு சரி. அதன்பிறகு நாற்பது வருடமாக இந்த ஊரில் புதிதாகக் குடிசையே முளைக்கவில்லை போலிருக்கிறது! அறிவிக்கப்படாத நாங்கள் காகிதத்தில் ‘ஆட்சேபகரமான புறம்போக்கு’, அதாவது குடியிருக்கவே கூடாத அரசு நிலத்தில் இருப்பவர்கள். அதே 1985ல்தான் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லிவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் காலி செய்யலாம் என்றும் சொன்னது. இதெல்லாம் எங்கள் மொட்டைமாடிக் கூட்டத்தில் பேசுகிற பேச்சு. கருத்தரங்கில் யாரும் பேசவில்லையாம், சாப்பாடு பரிமாறிய தம்பி சொன்னார்.

ஆற்றங்கரை ஆபத்து, வெள்ளம் வரும் என்றார்கள். 2015ல் வந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அதற்காகக் கொண்டுபோய் வைத்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ்த்தளத்துக்காரர்கள் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார்கள். கூவம் கரையில் தண்ணீர் வந்தால் ஓடிப்போய் நிற்கப் பள்ளிக்கூடமாவது பக்கத்தில் இருந்தது.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில வருடம் முன்பு ஒரு பெண் வந்தாள். கல்லூரி முடித்த வயசு. ஃபாரத்தை மூடி வைத்துவிட்டு எங்களிடம் கேட்டாள், “உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?” அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. லிஃப்டைப் பராமரிக்க யாருக்குப் பணம் போகிறது என்று தெரிய வேண்டும் என்றோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது எப்படி, பத்து ரூபாய் ஸ்டாம்ப் எங்கே ஒட்டுவது, முப்பது நாள் கணக்கை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பதில் வந்தது. அரைகுறைதான். ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டபிறகு ஒரு லிஃப்ட் ஓடியது. அவள் ஆய்வை முடித்ததும் தமிழில் நாலு பக்கம் அச்சடித்துக் கொண்டுவந்து பிளாக் வாசலில் ஒட்டினாள். நாற்பத்திரண்டு கேள்விக்காரர்களின் புத்தகம் முழுக்க ஆங்கிலத்தில். அதில் எங்கள் பெயர் ‘உள்ளூர்ப் பெண்கள்’ என்று இருப்பதாக மகள் தேடிக் கண்டுபிடித்தாள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் பத்திரிகையில் தினமும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ போடுகிறீர்கள். எந்த சபாவில் யார் பாட்டு, எந்தக் கோவிலில் யார் உபன்யாசம் எல்லாம் வருகிறது. எங்கள் வீட்டைப் பற்றி, எங்கள் நிலத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம், கருத்தரங்கு என்று யார் நடத்தினாலும் அதையும் அந்தப் பகுதியில் இரண்டு நாள் முன்னதாக, தமிழில், எந்த பஸ்ஸில் வரலாம் என்பதோடு போடுங்கள். நாலு வரி இடம் போதும். ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி அவர்களிடம் நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.

அப்புறம், வியாழக்கிழமைச் செய்தியில் ‘விழிப்புணர்வு’ என்ற இடத்தில் ‘அழைப்பு’ என்று ஒரு திருத்தம்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், தையல்காரி என்று போடுங்கள்
பெரும்பாக்கம், சென்னை

பி.கு.: கடிதம் நீளம் என்று தெரியும். சுருக்கினால் என்னைப் பற்றி உள்ளதை எடுத்துவிடுங்கள். மூணு போடச் சொன்ன பாட்டியை எடுக்க வேண்டாம்.