மில்லைப் பற்றி மகளுக்கு

விக்கிரமசிங்கபுரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். பாபநாசம் நூல் மில் இருக்கும் இடம் என்றாவது வீட்டுமனைகளாகிவிடுமோ என்று கேட்டிருந்தாய். போனில் பேசித் தீரும் விஷயம் அல்ல என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, கரிசல் காட்டுப் பருத்தி துறைமுகம் போய்ச் சேர்வது எளிதாயிற்று. அந்தப் பருத்தியை இங்கேயே நூற்று லாபம் காண நினைத்த ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி சகோதரர்கள், 1880களில், தாமிரபரணி மலையை விட்டு இறங்கும் பாபநாசத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலக்கரி கிடைக்காத இந்தச் சீமையில், உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் விசையே இயந்திரங்களை ஓட்டியது. பாபநாசம் நீர்மின் நிலையம் வந்த 1944க்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே இந்த ஆறு இங்கே ஆலைத் தொழிலுக்கு உழைத்திருக்கிறது. அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் மில்லும், 1892இல் மதுரையில் மதுரா மில்லும் எழுந்தன.

ஊர்ப் பெரியவர்கள் துரைகளின் பெருமையோடு நிறுத்திக்கொள்வார்கள். அது பாதி வரலாறுதான். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12இல் இருவரும் கைதாக, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நாங்கள் பிற்காலத்தில் உரிமையென்று அனுபவித்த வாரவிடுமுறைக்குப் பின்னால் அந்த மனிதர்களின் பட்டினி இருக்கிறது என்பதை நீ மறக்கக் கூடாது.

நூல் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேமில் வேலை பார்ப்பதை நீ நேரில் பார்த்ததில்லை. இழை அறுந்தால், கதிரை, அதாவது சுழலும் தண்டை, ஒரு கையால் பிடித்து நிறுத்தி, நூல் சுற்றும் பாபினில் அறுந்த நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சிறு கம்பி வளையத்துக்குள் நுழைத்து, மேலே உருளையிலிருந்து வரும் பஞ்சுப் புரியோடு சேர்த்த கணத்திலேயே கதிரை விட்டுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் இழை மறுபடி அறும். காற்றில் ஈரம் குறைந்த நாளில் ஒன்றை ஒட்டுவதற்குள் அடுத்தது அறுந்திருக்கும். விரல் நுனியில் இருக்கும் இந்த அறிவை எந்தப் பதிவேட்டிலும் எழுதிவைக்கவில்லை.

இன்றைக்கு எந்த நூற்பாலைக்கும் நிலைமை எளிதல்ல. தமிழ்நாட்டு ஆலைகளுக்குப் பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வந்து இறங்குகிறது. மழையை மட்டுமே நம்பி விளைந்த நம் கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டை என்பதால், நீண்ட இழை கேட்கும் இயந்திரங்கள் அதை ஒதுக்கிவிட்டன. மின்கட்டணமும் ஏறுகிறது. புது இயந்திரங்களுக்கு ஆட்களும் அதிகம் தேவையில்லை. கேரளத்துக் கொரட்டியில் நம் மில்லைச் சேர்ந்த இதே மதுரா கோட்ஸ் குழுமத்தின் மில் மூடப்பட்ட பின்பு, அதன் குடியிருப்பு வளாகத்தில் இன்ஃபோபார்க் என்ற கணினித் தொழில் வளாகம் வந்துவிட்டது. வேலைவாய்ப்பு என்ற அளவில் அது நல்லதுதான். ஆனால் நூற்றவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அங்கே நாற்காலி கிடைத்திருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

மில் கட்டடத்தை அருங்காட்சியகம் ஆக்கலாம் என்கிறாய். எனக்கு அது போதாது. ஒரு கூடத்திலாவது கதிர் ஓட வேண்டும். கருங்கண்ணிக்கென்று குறைந்த வேகத்தில் ஓடும் சிறு பிரிவு ஒன்று அமைந்தால் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து விவசாயிக்கும் பயன், இங்குள்ள இளைஞருக்கும் வேலை. கைத்தறிக்காரர்கள் அந்த நூலை வாங்குவார்களா, என்ன விலைக்குக் கட்டுப்படியாகும் என்பதை நூல் வியாபாரத்தில் இருக்கும் நீதான் கோயம்புத்தூரில் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பொங்கலுக்கு வரும்போது குரல் பதிவு செய்யும் கருவி ஏதாவது கொண்டுவா. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் நூல் நூற்கும் ஸ்பின்னிங்கிலும் இருந்த பழைய ஆட்கள் சிலர் இன்னும் நல்ல நினைவோடு இருக்கிறார்கள். அவர்களிடம் நான் பேசிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா