ஆகஸ்ட்டில் வா, மீனா

வின்னிபெக்,
மார்ச் 8

அன்புள்ள மீனா,

கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்க பி.ஆர். அனுமதி வந்துவிட்டது என்று அம்மா சொன்ன நாளிலிருந்து இதை எழுத நினைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் நாலு நாளில் மேலே போய்விடும், வேண்டும்போது கிடைக்காது. இதைப் பிரிண்ட் எடுத்துப் பாஸ்போர்ட் ஃபைலிலேயே வை. மாப்பிள்ளையும் ஒருமுறை படிக்கட்டும்.

முதலில் தேதி. ஜனவரியில் டிக்கெட் குறைவு என்று புறப்பட்டுவிடாதே. பி.ஆர். தாளில் உள்ள கடைசித் தேதியைப் பார். அது பெரும்பாலும் மெடிக்கல் எடுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இருக்கும். அது இடம் கொடுத்தால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் இறங்குகிற மாதிரி போடு. செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை, அது கழிந்ததும் பள்ளிக்கூடம் திறக்கும். வின்னிபெக் இருக்கிற மானிடோபா மாகாணத்தில் அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் 5 வயது முடிகிற பிள்ளைக்குக் கிண்டர்கார்டன். பல பள்ளிகளில் அது அரை நாள்தான், மாப்பிள்ளை வேலை தேடும்போது இதைக் கணக்கில் வைக்கட்டும். நம் ஊர் லைசென்ஸை வைத்து மூன்று மாதம் ஓட்டலாம், அதற்குள் இங்கே டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டவேண்டும். பனி விழுவதற்குமுன் அதை முடிப்பது நல்லது. எல்லாவற்றையும்விட, குளிர் ஒரே நாளில் தலையில் இறங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள்.

குளிரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. ஜனவரியில் சராசரியே மைனஸ் 16. இடையிடையே ஒரு வாரம் மைனஸ் 30-ஐத் தொடும், காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு மைனஸ் 40 மாதிரி இருக்கும். இந்தக் காற்றுக் கணக்கை விண்ட் சில் என்பார்கள். வெளியே போகுமுன் வெப்பநிலையை அல்ல, இந்த எண்ணைப் பார். மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிடத்தில் உறையலாம், மைனஸ் 40-க்குக் கீழே ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும்.

இதைப் படித்துவிட்டு நீ செய்ய நினைப்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளை ஐந்து மாதம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பாய். நம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு அதுதான். டிசம்பரில் காலை எட்டரை மணிவாக்கில் விடிந்து மாலை நாலரைக்கே இருட்டிவிடும். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் பார்க்காத பிள்ளைக்குத் தூக்கம் கெடும், பசி கெடும், எடுத்ததற்கெல்லாம் அழுகை வரும். உனக்கும் அப்படித்தான். பள்ளியிலும் விண்ட் சில் மைனஸ் 28 பக்கம் வரும்வரை இடைவேளைக்கு வெளியேதான் விடுவார்கள். பெரியவள் எப்படியும் பனியில் நிற்கத்தான் போகிறாள். சரியாக உடுத்தி அனுப்புவதுதான் நம் வேலை.

உடுப்பில் ஒரே விதி: உடம்போடு ஒட்டுகிற துணி பருத்தியாக இருக்கக்கூடாது. ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு மைனஸ் 20-லும் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஆட்டம் நின்றதும் அந்த ஈரத் துணியே சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் உள்ளே பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் ஒட்டின மாதிரி ஒரு அடுக்கு, அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற துணி, அதற்கு மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஸ்னோ பேன்ட், ஜாக்கெட். கனமான ஒன்றைவிட மெல்லிய மூன்று அதிகச் சூடு தரும், நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடிக்கிறது. சாக்ஸ் ஒன்று போதும், கம்பளி கலந்ததாக இருக்கட்டும். இரண்டு சாக்ஸைத் திணித்தால் பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, விரல் இன்னும் சில்லிடும். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக, உள்ளே இருக்கிற ஃபெல்ட் உறையைத் தனியாகக் கழற்றுகிற மாதிரி வாங்கு. அந்த உறையை ராத்திரிதோறும் உருவிக் காயவைக்கவேண்டும். வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். காலையில் கால் சில்லிடுவதற்குப் பாதி காரணம் அதுதான்.

போடுகிற வரிசையும் முக்கியம். முதலில் பாத்ரூம், இதை மட்டும் மறக்காதே. பிறகு ஸ்னோ பேன்ட், பூட்ஸ், பேன்ட்டின் உள்விளிம்பை பூட்ஸுக்கு மேல் இழுத்துவிடு. கழுத்துக்கு நெக் வார்மர். மஃப்ளர் வேண்டாம், சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். பிறகு குல்லா, இங்கே அதை டூக் என்பார்கள். கைக்கு ஐந்து விரல் கிளவுஸ் வேண்டாம், கட்டைவிரல் மட்டும் தனியாக இருக்கிற மிட்டன் வாங்கு, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். முழங்கை வரை நீள்கிற மிட்டனாக இருந்தால் அதை முதலில் மாட்டி மேலே ஜாக்கெட் போடு, மணிக்கட்டில் பனி புகாது. பள்ளிப் பையில் இன்னொரு ஜோடி எப்போதும் இருக்கட்டும். எல்லாவற்றிலும் பெயர் எழுது, ஒரே நிறத்தில் இருபது மிட்டன் கிடக்கும்.

பெரியவளுக்கு ஜாக்கெட் போட இங்கே டீச்சர்கள் சொல்லிக்கொடுக்கிற வழி ஒன்று உண்டு, அங்கேயே ஒரு சட்டையை வைத்துப் பழக்கு. ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, தொப்பிப் பக்கம் அவள் கால்மாட்டில் வருகிற மாதிரி வை. அவள் குனிந்து இரண்டு கையையும் ஒரே நேரத்தில் ஜாக்கெட்டின் கைகளுக்குள் விட்டு அப்படியே தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் முதுகில் வந்து உட்கார்ந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை தானே போடும். சின்னவனுக்கு ஒரே உடுப்பாக இருக்கிற ஸ்னோ சூட் வாங்கலாம், மடியில் உட்காரவைத்துக் காலை முதலில் விடு.

ஊரில் ஜாக்கெட், பூட்ஸ் எதுவும் வாங்காதே. சென்னைக் கடையில் "மைனஸ்" என்று சொல்லி விற்பது இங்கே அக்டோபருக்கே போதாது. செப்டம்பரில் வேல்யூ வில்லேஜ் மாதிரி பழைய துணிக் கடைகளில் பிள்ளைகள் சாமான் குவிந்து கிடக்கும். ஒரு குளிர்காலத்துக்குமேல் எந்தப் பிள்ளைக்கும் அளவு நிற்காது, அதனால் பாதி புதுசாகவே இருக்கும். ஜிப்பை மட்டும் மேலும் கீழும் இழுத்துப் பார்த்து வாங்கு.

கன்னம், மூக்கு நுனி, காது மடல் வெளுத்து மெழுகு மாதிரி தெரிந்தால் உடனே உள்ளே கூட்டிவந்துவிடு. அந்த இடம் மரத்துப் போயிருக்கும், பிள்ளை வலிக்கிறது என்று சொல்லாது, நீதான் முகத்தைப் பார்க்கவேண்டும். உன் உள்ளங்கையை வைத்துச் சூடு கொடு, வெதுவெதுப்பான தண்ணீரும் சரி. தேய்க்காதே, ஹீட்டர் பக்கம் காட்டாதே. கொப்புளமோ கெட்டித்தனமோ இருந்தால் ஆஸ்பத்திரிதான். இன்னொன்று, இரும்புக் கம்பியில் நாக்கை வைக்கக்கூடாது என்று இரண்டு பேரிடமும் வந்த அன்றே சொல். ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றவேண்டும்.

கார் சீட்டை ஊரிலிருந்து தூக்கி வராதே. வட்டத்துக்குள் மேப்பிள் இலை போட்ட கனடா முத்திரை இல்லாத சீட் இங்கே சட்டப்படி செல்லாது. பெரியவளுக்கும் 145 சென்டிமீட்டர் உயரமோ, 36 கிலோவோ, 9 வயதோ வரும்வரை உயர்த்தி உட்காரவைக்கிற பூஸ்டர் சீட் வேண்டும். குளிர்காலத்தில் எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று: பஞ்சு ஜாக்கெட்டோடு பிள்ளையை வைத்து பெல்ட் போடுவது. இறுக்கின மாதிரி தெரியும், ஆனால் மோதினால் பஞ்சு அமுங்கி, பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழும், பிள்ளை நழுவிவிடும். ஃப்ளீஸோடு உட்காரவைத்து பெல்ட்டை இறுக்கி, தோள் பக்கத்தில் பட்டையைக் கிள்ளிப் பார். மடிப்பு கைக்கு வரக்கூடாது. அதற்குப் பிறகு ஜாக்கெட்டைத் திருப்பி, கை வழியாகப் போட்டு மேலே போர்த்து.

காரின் முன்பக்கம் ஒரு ப்ளக் தொங்கும், பிளாக் ஹீட்டர் என்று பெயர். மைனஸ் 20-க்குக் கீழே என்றால் கிளம்புவதற்கு மூன்று, நாலு மணி நேரம் முன்பே என்ஜின் சூடாகிற மாதிரி டைமர் வைத்துச் செருகவேண்டும், இல்லையென்றால் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அதனால் வாடகை வீடு பார்க்கும்போதே பார்க்கிங்கில் ப்ளக் பாயின்ட் உண்டா என்று கேள். ஹீட்டும் தண்ணீரும் வாடகைக்குள் சேர்த்தியா என்பதையும் எழுத்தில் வாங்கு. அட்வான்ஸ் அரை மாத வாடகைக்குமேல் கேட்கக்கூடாது என்பது இங்கே சட்டம். வீட்டு முகவரியை வைத்துத்தான் பள்ளிக்கூடம் அமையும், எனவே பள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டைப் பிடி.

வீட்டுக்குள் 21 டிகிரி இருக்கும், சுகமாகத்தான் இருக்கும், ஆனால் காற்று வறண்டுவிடும். பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் பயப்படாதே, பெரும்பாலும் அந்த வறட்சிதான். தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனியவைத்து மூக்கைப் பிடி. படுக்கையறையில் காற்றை ஈரமாக்குகிற ஹியூமிடிஃபையர் வை. சாதாரணக் குளிரில் ஈரப்பதம் 30, 40 சதவீதம் இருக்கலாம். மைனஸ் 30 வந்தால் 20-க்கு இறக்கிவிடு, இல்லாவிட்டால் ஜன்னலில் தண்ணீர் வழிந்து உறைந்து, பிறகு பூசணம் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் இங்கே குளிர்காலம் முழுக்கக் கட்டியாகவே இருக்கும், வாய் அகன்ற டப்பாவில் ஊற்றிவை. இட்லி மாவு அடுப்பு மேடையில் புளிக்காது. ஓவனை ஆன் செய்யாமல் உள்ளே லைட்டை மட்டும் போட்டுப் பாத்திரத்தை வைத்தால் பத்து, பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கிவிடும்.

பள்ளிக்குச் சாப்பாடு நாம்தான் கட்டவேண்டும், அங்கே சூடாக்கித் தருவார்கள் என்று எண்ணாதே. தெர்மாஸில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து, கொட்டிவிட்டுச் சாதம் போடு. மதியம்வரை சூடு நிற்கும். நிலக்கடலை பெரும்பாலான பள்ளிகளில் கூடாது. வேறு பிள்ளைக்கு அலர்ஜி இருந்தால் அதன் உயிருக்கே ஆபத்து. இட்லிப்பொடி, சட்னியில் நிலக்கடலை இருந்தால் அனுப்பாதே. எள்ளும் கூடுமா என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்.

தடுப்பூசி அட்டை இரண்டையும் கைப்பையில் வை. நம் ஊர் ஹெல்த் சென்டரில் தட்டம்மை, ரூபெல்லாவுக்குத்தான் போடுகிறார்கள். இங்கே பொன்னுக்குவீங்கிக்கும் சின்னம்மைக்கும் சேர்த்துக் கேட்பார்கள். அது விட்டிருந்தால் இங்கே இலவசமாகவே போடுவார்கள். டி.பி.க்கான பி.சி.ஜி. ஊசி போட்டிருக்கிறது என்பதை மட்டும் நர்ஸிடம் சொல். டி.பி. பரிசோதனையில் கை வீங்கினால் அதனாலேயும் இருக்கலாம்.

வந்த வாரமே செய்யவேண்டியவை: வேலைக்கும் வரிக்கும் வேண்டிய சின் நம்பர், குடும்பத்துக்கு மானிடோபா ஹெல்த் கார்டு, பிள்ளைகளுக்கான மாதப் பணத்துக்கு ஆர்.சி. 66 படிவமும் புதிதாக வருகிறவர்களுக்கான அதன் இணைப்பும். 2025 ஜூலையிலிருந்து 2026 ஜூன்வரைக்கு, ஆறு வயதுக்குக் கீழே வருடத்துக்கு அதிகபட்சம் 7,997 டாலர், வருமானம் ஏற ஏறக் குறையும். சின்னவனுக்கு டேகேரில் இப்போதே பெயர் கொடுத்துவை, அங்கிருந்தே ஈமெயில் போடலாம். அரசு உரிமமும் நிதியும் பெற்ற இடத்தில் நாளுக்கு 10 டாலர்தான், அதனாலேயே வரிசை நீளம். ஒன்றிரண்டு போதாது, பத்து இடத்தில் கொடு. பஸ் பற்றி யார் பழைய நம்பர் சொன்னாலும் கேட்காதே, 2025 ஜூனில் வழித்தடங்களை மொத்தமாக மாற்றிவிட்டார்கள்.

லைப்ரரி கார்டு இலவசம், பிள்ளைகளுக்குக் கதை நேரமும் உண்டு. ஊருக்குள் ஃபோர்க்ஸ் என்று இரண்டு ஆறு சேருகிற இடம் உண்டு, அங்கே தண்ணீர் உறைந்ததும் ஆற்றின்மேலேயே நடக்கவிடுவார்கள். திறந்தாயிற்று என்று அறிவித்த பாதையில் மட்டும் போ, வேறெங்கும் பனிக்கட்டியில் கால் வைக்காதே.

ஜூலையில் ஒருநாள் இரண்டு பேருடைய பாதத்தையும் பேப்பரில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, போட்டோ எடுக்காமல் தபாலில் அனுப்பு. போட்டோவில் அளவு மாறிவிடும். ஒரு சைஸ் கூட்டி பூட்ஸ் நான் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா