வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல பழைய ஸ்போர்ட்ஸ் காரை குளிர்காலத்துல கராஜ்ல எப்படி வைக்கறதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. பாலிஷ் போடறது, லெதர் சீட்டைத் தொடைக்கறதுலாம் நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா கடைசியில "வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துங்க"ன்னு ஒரு வரி போட்டிருக்காங்க பாருங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

என்கிட்ட 1972 மாடல் எம்ஜிபி இருக்கு, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நானும் ரெண்டு குளிர்காலம் அதையேதான் பண்ணேன், யாரோ சொன்னாங்கன்னு. ஞாயித்துக்கிழமை ஆனா கராஜுக்குப் போறது, சோக்கை இழுக்கறது, ஸ்டார்ட் பண்ணி அந்த சத்தத்தை பத்து நிமிஷம் ரசிச்சுட்டு ஆஃப் பண்றது. உண்மையைச் சொன்னா அது காருக்காக இல்ல, எனக்காக. ரெண்டாவது வருஷம் குளிர் முடிஞ்சு கீழ படுத்து பாக்கறேன், சைலன்சரை விரலால அழுத்தினா விரல் உள்ள போகுது. ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தா உள்பக்கம் வெள்ளையா கொழகொழன்னு ஒட்டியிருக்கு. ஒரு கிலோமீட்டர் கூட ஓடாத வண்டி சார், அடிச்சு ஓட்டின வண்டியை விட மோசமா இருந்துச்சு.

காரணம் ரொம்ப சிம்பிள். பெட்ரோல் எரிஞ்சா புகை மட்டும் வராது, தண்ணியும் வரும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி. வண்டி நல்லா சூடாகி ரோட்ல ஓடும்போது அது ஆவியாவே பின்னாடி போயிடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனா பத்து நிமிஷம் நின்ன இடத்துலயே ஓடினா சைலன்சர் சூடே ஆகாது, அந்த ஆவி அங்கயே குளுந்து தண்ணியாகி தேங்கி நிக்கும், அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் சேரும். ஆயிலும் அப்படித்தான். டெம்பரேச்சர் முள்ளு மேல வந்துடுச்சேன்னு நாம நினைப்போம், அது இன்ஜினைக் குளிர வைக்கற கூலன்ட்டோட சூடு, ஆயில் அதுக்கு ரொம்ப பின்னாடிதான் வரும், உள்ள இருக்கற ஈரம் போற அளவுக்கு ஆயில் சூடாக ஒழுங்கா ஒரு இருபது முப்பது நிமிஷம் ரோட்ல ஓடணும். போதாததுக்கு சோக் இழுத்ததால அதிகமா வர்ற பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலையும் கழுவிட்டு கீழ இறங்கும். பேட்டரிக்காக பண்றேன்னு சிலர் சொல்லுவாங்க, ஸ்டார்ட்டர் சுத்தறப்போ எடுத்த கரன்ட்டை ஐடில்ல நிக்கற வண்டி பத்து நிமிஷத்துல முழுசா திருப்பித் தர்றது கஷ்டம். கும்பகர்ணனை வாரா வாரம் உலுக்கி கண்ணைத் திறக்க வச்சு மறுபடி படுக்கச் சொல்றதுக்கு பதிலா பேசாம தூங்க விட்டுடலாம்.

இதுல இன்னொண்ணு, அந்தக் கட்டுரையில இதைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. குளிர்னு கதவைச் சாத்திட்டு உள்ள வண்டியை ஓட விட்டா கார்பன் மோனாக்சைடு நிறைஞ்சுடும், அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, தலைவலி மயக்கம்னு தோணறதுக்குள்ள ஆளு விழுந்துடுவான். பழைய காருல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்காது. கதவைப் பாதி திறந்து வச்சாலும் நம்ப முடியாது.

சரி என்னதான் பண்றதுன்னா, உள்ள வைக்கற அன்னைக்கு அரை மணி நேரம் நல்லா ஓட்டிட்டு வாங்க, சூடா இருக்கும்போதே ஆயிலை இறக்கி புது ஆயில் ஊத்துங்க. ஓடின ஆயில்ல ஆசிட் சேர்ந்திருக்கும், அதோட நாலு மாசம் பேரிங் ஊறக்கூடாது. குளிர் முடிஞ்சப்பறம் மாத்திக்கலாம்னு நிறைய பேர் தள்ளிப் போடறாங்க, அது தலைகீழ். பனிக்காக ரோட்ல உப்பு போட ஆரம்பிச்சப்பறம்னா அடிப்பக்கத்தைக் கழுவி நல்லா காய வச்சுட்டு உள்ள வைங்க. டேங்க்கை முக்கால்வாசிக்கு மேல நிரப்பி வைங்க, காலியிடம் இருந்தா காத்துல இருக்கற ஈரம் உள்ள படியும், இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ஈரத்தை நல்லா இழுத்துக்கும். பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்தறதா இருந்தா அந்தக் கடைசி ஓட்டத்துக்கு முன்னாடியே ஊத்திடுங்க, அப்பதான் கார்புரேட்டர் வரைக்கும் போகும்.

கூலன்ட் வெறும் தண்ணியா இருந்தா வேற வினையே வேணாம், தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருசாகும், இரும்பு பிளாக்கே விரிசல் விடும். உறையாம தடுக்கற ஆன்டிஃப்ரீஸும் தண்ணியும் பாதிக்குப் பாதி இருந்தா மைனஸ் 37 டிகிரி வரைக்கும் கவலை இல்ல. பேட்டரியும் அதே கதைதான், ஃபுல் சார்ஜ்ல இருந்தா மைனஸ் 50ல கூட உறையாது, சுத்தமா இறங்கிப் போயிருந்தா மைனஸ் 7, 8லயே உறைஞ்சு போயிடும். தானா நின்னு தானா ஏத்தற சின்ன சார்ஜர் ஒண்ணு மாட்டி விட்டுட்டா போதும். (என் மாடல்ல சீட்டுக்குப் பின்னாடி அடியில ரெண்டு 6 வோல்ட் பேட்டரி ஒளிஞ்சிருக்கும், அதை வச்சவனை நான் திட்டாத வருஷம் இல்ல.)

ஹேண்ட் பிரேக் போடவே போடாதீங்க, பின்னாடி டிரம்ல ஷூ துருப்பிடிச்சு ஒட்டிக்கும், சக்கரத்துக்கு கட்டை குடுத்தா போதும். கிளட்ச் பிளேட்டும் ஒட்டும், நான் ஒரு மரக்கட்டையால பெடலை அமுக்கி வச்சுடுவேன். டயர்ல காத்து கொஞ்சம் கூட வச்சுட்டா நாலு மாசத்துக்கு ஒண்ணும் ஆகாது, ஸ்டாண்ட்ல தூக்கி வைக்கறதெல்லாம் என்னைக் கேட்டா அதிகப்படி. மேல போர்த்தறது துணியா இருக்கணும், பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டீங்கன்னா ஈரம் வெளிய போக வழியில்லாம பெயின்ட்டுல கொப்புளம் வந்துடும். சைலன்சர் வாயிலயும் ஏர் ஃபில்டர் குழாய்லயும் கம்பி வலை அடைங்க, எலிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. அடைச்சதை மறந்துடாம இருக்க ஸ்டீயரிங்ல ஒரு சீட்டு எழுதி கட்டிடுங்க, நான் ஒரு தடவை மறந்து ஸ்டார்ட் பண்ணி அசடு வழிஞ்சிருக்கேன்.

குளிர் முடிஞ்சு எழுப்பும்போதும் அவசரப்படாம, இன்ஜின் பத்திக்காம இருக்க காயில் வயரைக் கழட்டிட்டு, ஆயில் பிரஷர் முள்ளு ஏறற வரைக்கும் விட்டு விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுத்த விடுங்க, அப்பறம் வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க, பண்ணிட்டு உடனே ரோட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.

இன்னும் கொஞ்ச நாள்ல நிறைய பேர் வண்டியை உள்ள வைக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி அந்த "வாரம் ஒரு தடவை" வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போட்டீங்கன்னா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
ரெண்டு சைலன்சர் மாத்தின எம்ஜிபிகாரன்