கால் கழுவுகிற சபை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதமும் பேத்தியின் ஞானஸ்நானப் போட்டோவும் கிடைத்தது. உங்கள் சபை ஐயர் தண்ணீர் தெளிக்கும்போது அவள் அழுகிற அழுகையைப் பார்த்தால் தொண்டை மதினியிடம் இருந்துதான் வந்திருக்கிறது. சேகரத் தேர்தலில், அதுதான் உங்கள் சபை நிர்வாகத் தேர்தலில், நீ நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய், நல்லதாய்ப் போயிற்று, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு அந்தச் சண்டையெல்லாம் வேண்டாம்.

நான் இப்போது இங்கே அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் பக்கம் ஒரு சபைக்கு அவ்வப்போது போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். உடனே அல்லேலூயா போடாதே, வேடிக்கை பார்க்கத்தான். ஆபீசில் என்னோடு இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவரின் சபை. அவர் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை, நானாகக் கேட்டுத்தான் போனேன். பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்று பெயர். அமெரிக்காவின் தெற்கிலும் அப்பலாச்சிய மலைப்பக்கமும் சின்னச் சின்னச் சபைகளாக இருக்கிறார்கள்.

உங்கள் கோயிலில் இருப்பதில் பாதி அங்கே கிடையாது. பியானோ, ஆர்கன் எதுவும் இல்லை, வெறும் குரல்தான். சண்டே ஸ்கூல் இல்லை, பிள்ளைகள் பெரியவர்களோடு உட்கார்ந்து முழுப் பிரசங்கத்தையும் கேட்க வேண்டும். பிரசங்கம் செய்கிறவர் மூப்பர், எல்டர் என்பார்கள், ரெவரெண்டு என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். அவர் செமினரி என்கிற இறையியல் கல்லூரி பக்கம் போனதில்லை, சம்பளம் கிடையாது, கையில் குறிப்புச் சீட்டுகூட இல்லை. காணிக்கைத் தட்டும் வராது! ஆராதனை முடிந்து கை குலுக்கும்போது மடித்த நோட்டு ஒன்று மூப்பரின் உள்ளங்கைக்குப் போகிறது, அவ்வளவுதான். வேதத்தில் இருக்கிறதா, இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு, இதுதான் அவர்களுடைய கணக்கு. பிஷப், டயோசிஸ் என்று மேலே யாரும் கிடையாது, ஒவ்வொரு சபையும் தனி ராஜ்யம். உன் பேத்திக்குக் கொடுத்ததை அவர்கள் ஞானஸ்நானமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வளர்ந்து, விசுவாசித்து, தானாக வந்து கேட்டு, சபையார் சம்மதித்து, தண்ணீரில் முழுதாக முக்கி எடுத்தால்தான் ஆச்சு. வேறு பாப்டிஸ்ட் சபையில் முங்கியவர்களைக்கூடப் பெரும்பாலும் மறுபடி முக்கித்தான் சேர்க்கிறார்கள்.

இவர்கள் தனியாகப் பிரிந்த கதையில் நம் கல்கத்தா வருகிறது தெரியுமா? 1812ல் அமெரிக்காவிலிருந்து மிஷனெரிகளாகக் கல்கத்தா வந்த ஜட்சனும் லூதர் ரைஸும் அங்கே மனம் மாறி பாப்டிஸ்டுகளாக முழுக்கு எடுத்தார்கள். ஜட்சன் பர்மாவுக்குப் போய்விட்டார், ரைஸ் ஊருக்குத் திரும்பி, மிஷனுக்கு ஆதரவும் பணமும் கேட்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1814ல் பிலடெல்பியாவில் அதற்கென்று பெரிய அமைப்பே உருவானது. நாட்டுப்புறத்துச் சபைகள் பலவற்றுக்கு இது பிடிக்கவில்லை. மிஷன் சங்கம், சண்டே ஸ்கூல், துண்டுப் பிரசுரச் சங்கம், செமினரி இதெல்லாம் அப்போஸ்தலர் காலத்தில் எங்கே இருந்தது என்று 1832ல் மேரிலாந்தின் பிளாக் ராக் என்ற ஊரில் கூடி அறிக்கை எழுதிப் பிரிந்துவிட்டார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின மக்கள் வெள்ளையரை விட்டு விலகித் தங்கள் சபைகளை வைத்துக்கொண்டார்கள், 1907ல் இதே ஹன்ட்ஸ்வில்லில் தங்களுக்கென்று ஒரு கன்வென்ஷனும் தொடங்கினார்கள். அங்கே சண்டே ஸ்கூல் உண்டு.

சரி, எனக்கு உறுத்தியது தெரிந்தெடுப்பு உபதேசம்தான். இரட்சிக்கப்படப் போவது யார் என்று உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் தீர்மானித்துவிட்டார், மனுஷன் அதில் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. இது கல்நெஞ்சு உபதேசமாக இருக்கிறதே என்று பெரியவரிடம் கேட்டேன். சுவிசேஷம் ஒருவனுக்கு ஜீவனைக் கொடுப்பதில்லை, ஏற்கெனவே ஜீவன் பெற்றவனுக்கு அதைத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான் என்றார். அப்படியானால் இயேசு பெயரையே சரியாகக் கேட்டிராத என் அம்மா? சகல கோத்திரத்திலும் பாஷையிலும் அவருக்கு ஜனங்கள் உண்டு, மிஷனெரி போய்ச் சேராததால் அவர் ஒருத்தரையும் இழந்துவிட மாட்டார் என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார். நாற்பது வருஷமாக எனக்குத் துண்டுப் பிரசுரம் நீட்டியவர்களில் ஒருவரும் என் அம்மாவுக்கு இந்த அளவு இடம் விட்டதில்லை மாப்ள, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு எல்லாரும் அவரவர் ஊரிலேயே இருந்திருந்தால் பாளையங்கோட்டையில் நாம் படித்த பள்ளிக்கூடம் ஏது? அந்த இடத்தில் நான் மிஷனெரி கட்சிதான்.

ஒன்றை மட்டும் நீ பார்த்திருக்க வேண்டும். திருவிருந்து, புளிப்பில்லாத அப்பமும் நிஜமான ஒயினும், அது முடிந்ததும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் திரும்பி உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றுகிறார்கள். யோவான் 13ல் உள்ளபடி, நீளமான துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவர் மண்டியிட்டு எதிரில் இருப்பவரின் காலைப் பேசினில் வைத்துக் கழுவி, அந்தத் துண்டாலேயே துடைக்கிறார். பிறகு இடம் மாறி அவர் இவருக்கு. நம் பெரியவருக்கு முழங்கால் மடங்காது, ஒருவர் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். அவர் கழுவியது ஒரு இளம் பையனின் கால், மெக்கானிக் போல, நகக்கண்ணில் கிரீஸ். பையன் கூச்சத்தில் நெளிய, இவர் விரல் இடுக்கு வரை நிதானமாகத் துடைத்தார். பக்கத்தில் யாரோ பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் அங்கத்தினன் இல்லை என்பதால் பின் பெஞ்சில். பிறகு மரத்தடியில் சாப்பாடு, உங்கள் கோயில் அசன விருந்து மாதிரியே, ஆட்டுக்கறிக்குப் பதில் பொரித்த கோழி.

பெரிய வியாழனுக்கு உங்கள் ஐயர் கால் கழுவுவது உண்டா? உண்டென்றால் சேகரத் தேர்தலில் மோதிக்கொண்ட அந்த இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைக்கச் சொல். டிசம்பரில் வருகிறேன், மதினியிடம் சொல்லிவை. சுகர் டெஸ்ட் ரிசல்ட் என்ன ஆச்சு என்று நீ எழுதவே இல்லை.

உன்
பழைய ரூம்மேட்