வைக்கோல் வீட்டிலிருந்து

சீபென் லிண்டன், ஜெர்மனி
ஜனவரி 28

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரியப்பா பேரன் கொண்டுவந்த உன் கடிதமும் வடகமும் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வடகம் தீர்ந்துவிட்டது, பதில்தான் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. இயற்கையோடு ஒட்டிக் கூடி வாழும் இந்தச் சூழல் கிராமத்துக்குள் செல்போனை அணைத்து வைக்க வேண்டும், இவர்களே கூடிப்பேசி வைத்த கட்டுப்பாடு. கம்பி வழியாக இணையம் உண்டு. ஆனால் அதில் வந்தால் "இளைச்சுட்டியே" என்று ஆரம்பிப்பாய். கடிதமே மேல்.

வைக்கோல் வீட்டைக் கறையான் அரிக்காதா என்று அப்பா கேட்டிருந்தார். இந்தக் குளிரில் நான் இன்னும் ஒரு கறையானைக்கூடப் பார்க்கவில்லை. மரச்சட்டங்களுக்கு நடுவே இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகள், மேலே களிமண் பூச்சு. 2005-இல் இப்படியே மூன்று அடுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். நெருப்புக்குக்கூட அவ்வளவு பயமில்லையாம், ஈரம்தான் ஆகாது.

அந்த ஈரத்துக்குக் காவலாக எனக்கு ஒரு பக்கத்து வீட்டுப் பாட்டி வாய்த்திருக்கிறார். தினமும் காலையில் சுவரில் கருவியை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவார். போன ஞாயிறு வெளியே மைனஸ் எட்டு. நான் உன் ரசப்பொடியைப் போட்டு ரசம் வைத்து, நுரைகட்டி வரும்போது கதவு தட்டப்பட்டது. நேராக உள்ளே வந்தார், இரண்டு ஜன்னலையும் விரியத் திறந்தார், நீராவியைக் கையால் காட்டினார், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்வெட்டருக்கு மேல் போர்வை சுற்றி நின்றேன். ஒரு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்து, இருமி, பெயர் கேட்டார். "ரசம்" என்றேன். ஈரக் கணக்கு நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார்.

சாப்பாடு பொதுச் சமையலறையில். கறி, மீன் கிடையாது என்று நம் பாட்டியிடம் சொல். தோட்டத்தில் விளைந்ததைத்தான் பெரும்பாலும் சமைப்பார்கள், அதனால் முட்டைக்கோஸ், பீட்ரூட், பூசணி, மறுபடி முட்டைக்கோஸ். எலுமிச்சம்பழம் கேட்டால் அது எத்தனை கிலோமீட்டர் கடந்து வந்தது என்று பேச்சு வருகிறது. புளியை நான் வெளியே காட்டுவதில்லை.

கழிப்பறையில் தண்ணீர் கிடையாது, மரத்தூள்தான். எல்லாம் மக்கி உரமாகிவிடும். கால் கழுவ என்ன செய்கிறாய் என்று கேட்காதே. குளித்த தண்ணீரை நாணல் பாத்தியில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். அதை ஒருவர் படம் போட்டு ஒரு மணிநேரம் விளக்கினார். 2019-இல் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டதும், அரிசி களைந்த தண்ணீரை நீ கறிவேப்பிலைக்கு ஊற்றியதும் நினைவுக்கு வர, கேள்வியே கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டங்கள்தான் நீளம். நம் தெரு சங்கக் கூட்டம் போலத்தான், ஆனால் யாரும் கத்துவதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. முதல் வருடம் சோதனை வருடம், பிறகுதான் சேர்ப்பதா என்று முடிவு செய்வார்கள். சேர்ந்தால் பங்குப்பணம் கட்ட வேண்டும். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, பார்த்துக்கொள்ளலாம்.

அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி போனபிறகு ஜன்னலைச் சாத்தினேன். ரச வாசனை துளியும் மிஞ்சவில்லை. மணி ஐந்தரை, வெளியே இருட்டு. அதற்குப் போய் ஏன் அப்படி அழுதேன் என்று தெரியவில்லை. அப்புறம் ஆறிய ரசத்தைச் சூடு பண்ணாமலே குடித்தேன்.

சரி, அதை விடு. மாம்பலம் வீட்டு விஷயம். வீட்டை இடித்துக் கட்டப்போகும் புரமோட்டர் தரும் தாளில் அண்ணா அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். கட்டி முடிக்கும் வரை வாடகை யார் கொடுப்பது என்று எழுத்தில் இருக்க வேண்டும். கிணற்றை மூடக் கூடாது, 2003-இல் அப்பா வெட்டிய மழைநீர்க் குழியையும்தான். என் பவர் பத்திரத்துக்கு பெர்லின் தூதரகம் போக வேண்டும், இந்த மாதம் முடியாது, அடுத்த மாதம் போகிறேன். முன்பணம் எப்போது கைக்கு வரும் என்று அண்ணாவிடம் சும்மா கேட்டு வை. நான் கேட்டதாகச் சொல்லாதே.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்தார்களா? சின்னிக்குப் பரீட்சை எப்படி? அடுத்த முறை யாராவது வந்தால் வெங்காய வடகம் கொடு, புளியை ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் வை.

உன்,
புவனா